எபெத்மெலேக் என்று எனக்குப் பேர் வைத்தார்கள்

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய தோல் கம்பெனியிலிருந்து நித்யா என்கிற பெண் போன் செய்தார். அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறார். கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிற ஆட்களைத் தூக்குவதற்கு மூன்று கால் இரும்புச் சட்டமும், தோளில் மாட்டுகிற வாரும் புதிதாக வந்திருக்கிறதாம். பயிற்சி நாளில் பழைய ஆள் ஒருவர் நாலு வார்த்தை பேசினால் நன்றாயிருக்கும், அதையே எழுதிக் கொடுத்தால் கம்பெனி இதழில் போட்டுக்கொள்கிறோம் என்றார். அழைப்பிதழுக்காக முழுப் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எபெத்மெலேக்."

"அது... பேரா சார்?"

சிரித்துவிட்டேன். அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. அதே கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொண்டு சில வருஷம் முகம் வாடித் திரிந்தவன். பதில் கிடைத்தது ஒரு சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில். அதனால் பேரையும் தொட்டியையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

ஆம்பூருக்கு வெளியே, தோல் தொழிலாளிகள் குடியிருந்த தெரு எங்களுடையது. நான் பிறந்தபோது அந்தத் தெருவில் நாலு சாமுவேல், மூன்று தேவசகாயம். வாசலில் நின்று "சாமுவேலு" என்று கூப்பிட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சபையில் இருந்த உபதேசியாரிடம் போய், "ஐயா, என் புள்ளைக்கு இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் இல்லாத பேரா வேணும், வேதத்துலயும் இருக்கணும்" என்று கேட்டாராம். உபதேசியார் வேதாகமத்தைப் புரட்டி எரேமியாவின் ஆகமத்தில் நிறுத்தினார். அங்கே ஒரே ஒரு சம்பவத்துக்காக வந்து போகிற எத்தியோப்பியன் ஒருவன் இருக்கிறான். அவன் பேர்தான் எபெத்மெலேக். "இதுல மெலேக்னா ராஜா" என்று உபதேசியார் சொன்னது மட்டும் அப்பா காதில் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர். மகனுக்கு ராஜா பேர் வைத்துவிட்டேன் என்று சாகிறவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே இருந்தார்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் தோல் பதனிடுகிற டேனரியில் சேர்ந்தேன். முதலில் தோலைச் சுமந்தேன், பிறகு தோலை மருந்தோடு சுழற்றுகிற டிரம்மில் வேலை, பிறகு டிரம் சூப்பர்வைசர். பதினைந்து வருஷத்தை இப்படி ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். அந்த வருஷங்களில் எல்லோரும் கற்றுக்கொள்வதைத்தான் நானும் கற்றுக்கொண்டேன்: பச்சைத் தோல் எப்போது அழுகும், சுண்ணாம்பில் எத்தனை நாள் கிடக்க வேண்டும், எந்த டிரம்மின் ஆசிட் தண்ணீரை எந்தக் கால்வாயில் விடக் கூடாது.

எனக்கு மேலே கரீம் பாய். எங்கள் ஷாப் முழுக்க அவர் பொறுப்பு. மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, விரலில் ஒரு வெள்ளி மோதிரம். அந்தச் சட்டையில் ஒரு பொட்டு கறை நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்டால், "ஓடறவன் மேலதான் தெறிக்கும். நான் ஓடமாட்டேன்" என்பார். வேலைக்குச் சேர்ந்த அன்றே என் பேரைக் கேட்டார். சொன்னேன்.

"மெலேக்கா? எங்க பாஷையில மலிக்னா ராஜா. உன் பேருல பாதி ராஜா, மீதி என்னப்பா?"

"தெரியலிங்க பாய்."

"தெரிஞ்சிட்டு வா. அதுவரைக்கும் மலிக்."

முப்பது வருஷம் மலிக் என்றே கூப்பிட்டார்.

பாய் வைத்திருந்த ஒரு நடைமுறையைப் புதுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும் முன், முதல் நாளே மூடியைத் திறந்து காற்றாடவிடுவார். இறங்குகிற நாளில் தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி நூலில் கட்டி உள்ளே தொங்கவிடுவார். ஒரு பீடி பிடிக்கிற நேரம். மேலே எடுக்கும்போது மோதிரம் கறுத்திருந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. முடி எடுக்கப் போடுகிற சல்பைடு தண்ணீரில் ஆசிட் கலந்தால் வருகிற வாயு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். ஜாஸ்தியானால் நாற்றமே தெரியாது. மூக்கு செத்துப்போகும், பின்னாலேயே ஆளும். இன்றைக்குக் கையடக்க மீட்டர் இருக்கிறது, அது மோதிரத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். மோதிரத்தை நம்பி யாரும் இறங்காதீர்கள். எங்களிடம் அன்று அதுதான் இருந்தது.

இறங்குகிறவனுக்கு மேலே ஒரு கயிறுக்காரன். அவன் எதற்காகவும் உள்ளே போகக் கூடாது. விடாமல் கீழே இருப்பவனிடம் பேர் கேட்க வேண்டும். கீழே இருப்பவன் தன் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஆங்னு சொல்றது தூக்கத்துலகூட சொல்லுவான். அப்பன் பேரைச் சொல்றதுக்கு புத்தி வேணும்" என்பது பாயின் கணக்கு. பதில் குழறினால் கேள்வி கேட்காமல் இழுத்துவிட வேண்டும். நான் இறங்குகிற நாளில் எல்லோருக்கும் பேஜார். "இவன் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஷிப்ட்டே முடிஞ்சிடும், வேற ஆளை இறக்குங்க" என்று கத்துவார்கள்.

சூப்பர்வைசர் ஆன வருஷம், வேலூரில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது வாசல் கடையில் வேதாகமப் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லும் அகராதி ஒன்று வாங்கினேன். பஸ்ஸிலேயே என் பேரைத் தேடினேன். "ராஜாவின் ஊழியன்" என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இது பேராக இல்லாமல் அரண்மனை உத்தியோகமாகவும் இருக்கலாம், இவனுடைய சொந்தப் பேர் தெரியவில்லை.

பள்ளிகொண்டா தாண்டும்வரை அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கு ராஜா பேர் வைக்கவில்லை. வேலைக்காரன் பேர்கூட வைக்கவில்லை. வேலைக்காரன் என்கிற வேலையை எனக்குப் பேராக வைத்திருக்கிறார். டேனரியில் ஏற்கனவே யாருக்கும் பேர் கிடையாது, செய்கிற வேலைதான் பேர். "டிரம்மு எங்க?" "பிளெஷிங்கைக் கூப்பிடு" என்பதுதான் பேச்சு. பிறந்ததிலிருந்தே எனக்கு அப்படித்தான் என்று நினைத்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் பாயிடம் சொன்னேன்.

"மீதி தெரிஞ்சிட்டுது பாய். வேலைக்காரன்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராஜாவோட வேலைக்காரனா? எந்த ராஜா, இன்னா வேலை? அதைப் படிச்சியா?"

படிக்கவில்லை. படிக்க மனசில்லாமல் அகராதியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

அந்தத் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். தோலிலிருந்து முடி எடுக்கிற பகுதியின் சுண்ணாம்புக் கழிவெல்லாம் வந்து விழுகிற தொட்டி அது. இரண்டாள் ஆழம். மேலே மரப்பலகை போட்டு மூடியிருந்தது. ஒரு பலகை உளுத்திருப்பதை நான் பார்த்து, முதலாளியிடம் ஒரு தடவை சொன்னேன். "ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். ஒரு தடவை சொன்னதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைத்தேன். அது தப்பு. நித்யா இதைத் தடித்த எழுத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு நாள் காலை, டீ நேரம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தோலில் ஒட்டின சதையைச் சீவுகிற பிளெஷிங் மெஷினில் வேலை செய்த சேகர், நெமிலிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம். குறுக்கு வழியாகப் பலகை மேல் நடந்தான். பலகை முறிந்தது. நான் டிரம் பக்கத்திலிருந்து ஓடி வந்து பார்க்கும்போது, நெஞ்சளவு சேற்றில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். முகத்தில் சுண்ணாம்பு. கண்ணை மூடியிருந்தான்.

சேகரின் மனைவியுடைய அண்ணன் முருகனும் எங்களிடம்தான் வேலை. அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்க ஓடி வந்தான். தொட்டிச் சாவு எல்லாம் ஒன்றோடு நிற்காததற்குக் காரணம் இதுதான். உள்ளே கிடப்பவன் நம் ஆள். குதிக்காமல் நிற்க முடியாது. அப்படியே ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகப் போவார்கள். முருகனைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை. தோலின் ஓரம் வெட்டுகிற டிரிம்மிங் பகுதியில் வேலை செய்த சரோஜாதான் பின்னாலிருந்து அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே உட்கார வைத்தது.

"விடுக்கா! என் தங்கச்சிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

"ரெண்டு பேரும் போய்ட்டா அவளுக்கு யார்டா பதில் சொல்றது? நானா? உட்கார்ரா!"

அதற்குள் கரீம் பாய் வந்துவிட்டார். நடந்துதான் வந்தார். "மலிக், ஆசிட் லைனை மூடினியா?" என்பதுதான் முதல் கேள்வி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து டிரம்மிலிருந்து ஆசிட் தண்ணீர் இறங்குகிற நேரம் அது. ஓடிப்போய் வால்வை மூடினேன். கம்ப்ரஸர் குழாயைத் தொட்டிக்குள் இறக்கிக் காற்று விடச் சொன்னேன். பாய் மோதிரத்தை இறக்கினார். மேலே வந்தபோது லேசாகப் பழுப்பேறியிருந்தது. கறுக்கவில்லை.

"நேரம் இருக்கு. ஜாஸ்தி இல்ல" என்றார். "பேரு கேளு."

"டேய், பேரு சொல்லு!"

"சேகர். அப்பா கோவிந்தசாமி" என்று கீழேயிருந்து வந்தது. முருகன் அழுதுவிட்டான்.

கயிறு போட்டோம். சேகர் பிடித்தான். இழுத்ததும் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சுண்ணாம்பும் சல்பைடும் பட்ட கை சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டாவது தடவையும் அதே. அப்படியென்றால் அக்குளுக்கு அடியில் சுருக்குப் போட்டுத்தான் தூக்க வேண்டும். கயிற்றை வளையமாக முடிந்து இறக்கப் போனேன். அங்கேதான் என் கை நின்றது.

நாங்கள் தோல்காரர்கள். சுண்ணாம்பில் ஊறின தோல் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஊதிப்போய், மேல்பரப்பு நகம் பட்டால் பிய்ந்து வரும். அந்தத் தோலின் மேல் கயிற்றைப் போட்டு இழுக்கவே மாட்டோம், அடையாளம் விழும் என்று. மாட்டுக்கு என்னவோ மனுஷனுக்கும் அதுதான். நெஞ்சளவு சேறு ஒருத்தனைக் கீழே பிடித்து இழுக்கிறது. மேலே நாங்கள் இழுத்தால் அத்தனை பளுவும் அந்த இரண்டு அக்குளில். சேகர் உயிரோடு வருவான். அக்குள் தோல் கயிற்றோடு வரும். அதற்கப்புறம் அவன் கையைத் தூக்கி ஒரு வேலையும் செய்ய முடியாது.

"ஸ்பிளிட் எடுத்துட்டு வாங்கடா, மெத்துன்னு!" என்று கத்தினேன். ஸ்பிளிட் என்றால் தோலின் அடிப்பகுதியில் அறுத்து எடுக்கிற துண்டு. பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. தோல்காரன் கை தோலைத்தான் தேடும். முருகன் பாய்ந்து ஓடி ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தான். நான் வாங்கி உள்ளே போடக் கையை நீட்டினேன்.

பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எதுல ஊறினது அது?"

ஆசிட்டில் ஊறினது. சல்பைடு சேற்றில் நிற்கிறவனுக்கு ஆசிட் சொட்டச் சொட்டத் தோலைக் கொடுக்கப் பார்த்தேன். பதினைந்து வருஷ அனுபவம் எனக்கு. என் கையாலேயே அவன் மூக்குக்குக் கீழே வாயு கிளப்பியிருப்பேன்.

"துணி" என்றார் பாய். "பழசா, பருத்தியா."

டிரிம்மிங் மேஜைகளைத் துடைக்கப் பெண்கள் பழைய புடவைக் கிழிசல்களை ஒரு சாக்கில் வைத்திருப்பார்கள். சரோஜா ஓடி அந்தச் சாக்கையே இழுத்துக்கொண்டு வந்தது. துணிகளை முறுக்கிக் கயிற்று வளையத்தில் கட்டி இறக்கினேன்.

"சேகரு, துணியை முதல்ல ரெண்டு அக்குள்ளயும் வை. நல்லா தடிமனா வை. அது மேல கயிறு. வெச்சிட்டியா?"

பதில் இல்லை.

"பேரு சொல்றா!"

"சேகர்..."

"அப்பா பேரு!"

"கோவி..." என்று நின்றுவிட்டது.

பின்னால் இருபது பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். பாய் ஆறு பேரைத் தவிர எல்லோரையும் விடச் சொன்னார். "இருபது பேர் ஒரே மூச்சுல இழுத்தா பாதி ஆள்தான் வருவான். சேறு விடற வேகத்துக்கு இழு." கீழே எட்டிப் பார்த்தேன். சேகர் கண்ணைத் திறக்காமல், தடவித் தடவி, இடது பக்கத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு கயிற்று வளையத்தைத் தலைவழியாக மாட்டித் துணியின் மேல் இறக்கிக்கொண்டான். "இழு" என்றேன். ஒரு சாண். நிறுத்தம். ஒரு சாண். முருகன் ஆறு பேரில் முதல் ஆள். அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது, கடித்துக்கொண்டே இழுத்திருக்கிறான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். சேகரின் இடுப்பு விளிம்புக்கு மேலே வந்ததும் சேறு ஒரு சத்தம் போட்டு அவனை விட்டது.

தண்ணீர்க் குழாயைத் திறந்து அவனை நனைத்துக்கொண்டே இருந்தோம். வண்டி வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து அகராதியை எடுத்தேன். இந்தத் தடவை வேதாகமத்தையும் எடுத்து, என் பேர் வருகிற அதிகாரத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். எரேமியா தீர்க்கதரிசியைத் தண்ணீரில்லாத ஒரு சேற்றுக் குழிக்குள் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். பெரிய மனுஷர்கள் கேட்டார்கள் என்று ராஜா தலையாட்டிவிட்டார். எபெத்மெலேக் அரண்மனையை விட்டுக் கிளம்பி, ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கிற ராஜாவிடமே நேரே போய், இது அநியாயம் என்று சொல்லி, ஆட்களை வாங்கிக்கொண்டு வருகிறான். வந்தவன் உடனே கயிறு போடவில்லை. அரண்மனையில் பழைய துணி கிடக்கிற இடத்துக்குப் போகிறான். கந்தலை எடுத்துக் கயிற்றில் இறக்கி, இதை அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்கிறான்.

நான் அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். யுத்தமும் பஞ்சமும் ஊர் எரிவதுமாக எழுதிக்கொண்டு போகிறவர், ஒரு வேலைக்காரன் கந்தல் எடுத்த இடத்தை எழுதுவதற்காக நின்றிருக்கிறார். யார் எழுதச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். குழிக்குள் இருந்தவர்தான். அவருக்கு அக்குளில் தெரிந்திருக்கும்.

பாய் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. ராஜாவின் வேலைக்காரன் செய்த வேலை இரண்டு: ராஜா தப்பு செய்தால் வாசலுக்கே போய்ச் சொல்வது, கயிற்றுக்கு முன்னால் துணியை நினைப்பது. துணி விஷயத்தில் பாய் புண்ணியத்தில் நான் தப்பித்தேன். வாசல் விஷயத்தில் தோற்றிருந்தேன். பலகையைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவன் நான். அந்தப் பேரை வைத்துக்கொண்டு அப்படி இருக்க முடியாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை முதலாளியின் கார் உள்ளே வரும்போது கேட்டிலேயே நிறுத்தினேன். எல்லாத் தொட்டிக்கும் இரும்புக் கம்பி மூடி வர வேண்டும், வரும்வரை அந்தப் பகுதியில் டிரம் ஓடாது என்றேன்.

"நீ யாருப்பா ஓடாதுன்னு சொல்றதுக்கு?"

"உங்க வேலைக்காரன்தாங்க" என்றேன். "அதான் சொல்றேன்."

முதலாளி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மத்தியானம் கம்பி அளவெடுக்க வெல்டர் வந்தான். அதற்கப்புறம் என் பேரை யார் கேட்டாலும் முழுசாகவே சொல்கிறேன், அர்த்தத்தோடு.

சேகர் இரண்டு மாதம் கழித்து ஷாப்புக்கு வந்தான். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டோம். லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். காலெல்லாம் தழும்பு, ரோஸ் நிறத்தில் புதுத் தோல், ஒரு முடி இல்லை. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். முருகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சேகர் சட்டைப் பித்தானைக் கழற்றி, சட்டையை முருகன் தோளில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கினான்.

"பாருங்கண்ணா" என்றான் என்னிடம். "அக்குள்ல ஒரு முடி போகல."

நாள் முழுக்கச் சுண்ணாம்பு போட்டு முடி எடுக்கிறவர்கள் நாங்கள். அதைவிடப் பெரிய சாட்சி எங்களுக்கு வேண்டியதில்லை.

"சரிடா, கைய இறக்கு" என்றது சரோஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இங்க ஏற்கனவே நாத்தம் ஜாஸ்தி."

கரீம் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையை இறக்க விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏற்றுமதித் தோலை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரிப்பது போலவே, சேகரை ஜன்னல் பக்கம் திருப்பினார். கட்டை விரலால் இடது அக்குளைத் தடவினார். வலது அக்குளைத் தடவினார். லேசாகக் கிள்ளி, மேல்பரப்பு நிற்கிறதா என்று பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்" என்றார்.